சாயவேரும் ஏட்டுச் சுரைக்காயும்

ஒரு கைத்தொழிலின் புதிய முறை ஒரு தொழிலாளர் கூட்டத்தாரிடமிருந்து மற்றொரு கூட்டத்தாரிடம் எவ்வாறு போய்ச் சேர்கிறது? இவ்வினா வரலாற்றறிஞர்க்கு மட்டுமே உரியது என்று நாம் ஒதுக்கிவிடுவதற்கில்லை. தொழில் பரவுதல் என்பது, முடிவாகப் பார்க்குமிடத்து, ஒருவர் கற்பிக்க மற்றொருவர் கற்பதேயாகும். ஆகவே கற்பித்தலையே வாழ்வாகக் கொண்ட ஆசிரியர்களுக்கு இவ்வினாவில் தனி உரிமை உண்டு.

இதனை இப்பொழுது எடுத்துக்கொள்ள ஒரு காரணம் நேர்ந்தது. அண்மையில் நடந்த ஆசிரியர் கூட்டம் ஒன்றில் அன்பர் ஒருவர் தமிழரின் பழந்தொழில்கள் குறித்து அழகாகப் பேசினார். சோழமண்டலக் கரையின் சாயத் துணிகளைப் பற்றிச் சொல்லி வருகையில், 1742ஆம் ஆண்டில் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் ஒரே கடிதத்தால் நம் சாய இரகசியத்தைக் களவாடி ஐரோப்பாவுக்கு அனுப்பிவிட்டார் என்றும், அன்றோடு நம் தொழில் அழிந்தது என்றும் கூறினார். அவையில் பலத்த கைதட்டல் எழுந்தது. நானும் கைதட்டினேன். மறுநாள் வகுப்பில் மாணவர்களுக்கும் அதையே எடுத்துச் சொன்னேன். அப்போது ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, கடிதத்தைப் படித்தால் சாயம் போட வந்துவிடுமா?" என்று கேட்டாள். உடனே விடை சொல்ல எனக்கு வாய் எழவில்லை. அவளுக்குச் சொல்ல வேண்டிய விடையைத் தேடியதன் பயனே இக்கட்டுரை.

அன்பரின் கூற்றில் மூன்று கருத்துகள் அடங்கியுள்ளன. சாயத்தொழில் ஓர் இரகசியம் என்பது ஒன்று. அவ்விரகசியம் கடிதத்தின் வழியே ஐரோப்பா சென்றது என்பது இரண்டாவது. அதனால் நம் தொழில் அழிந்தது என்பது மூன்றாவது. மூன்றையும் தனித்தனியே எடுத்து ஆராய்வோம். அன்பரைக் குறை கூறுவது என் நோக்கமன்று. கைதட்டியவர்களுள் நானும் ஒருவன் அல்லவா?

கடிதமும் அதனை எழுதியவரும்

கடிதத்தை எழுதியவர் கேர்து என்னும் இயேசு சபைப் பாதிரியார். 1691இல் பிறந்து 1779இல் மறைந்த இவர், தம் வாழ்நாளின் பெரும்பகுதியைத் தென்னிந்தியாவிலேயே கழித்தவர். வடமொழிக்கும் கிரேக்க இலத்தீன் மொழிகளுக்கும் உள்ள உறவை 1767இலேயே எடுத்துக் காட்டியவர் என்று மொழிநூலார் இவரை இன்றும் நினைவுகூர்வர். சபையாரின் கடிதங்களைத் தொகுத்து வெளியிட்டுவந்த து ஆல்ட் என்பாருக்கு இவர் 1742 ஜனவரியில் எழுதிய நீண்ட கடிதமே நாம் இங்குக் கருதுவது. இந்திய நாட்டில் கண்டறிவனவற்றை எழுதியனுப்புமாறு அவர் கேட்டிருந்ததற்கிணங்க, நிறம் மங்காத ஓவியத் துணிகளைச் செய்யும் முறையைக் கேர்து விரித்துரைத்தார். ஐரோப்பியத் தொழிலுக்கு அது பயன்படும் என்னும் எண்ணமும் அவருக்கு இருந்தது. ஆகவே நோக்கத்தைப் பொறுத்த மட்டில் அன்பர் கூறியது பொய்யன்று. அதனை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

கேர்து தாமே தொழில் செய்து கற்றவரல்லர். தாம் புதிதாகச் சமயத்தில் சேர்த்துக்கொண்டவர்களுள் சாயத்தொழிலில் தேர்ந்த சிலரைத் தனித்தனியாக, வெவ்வேறு வேளைகளில் வினவி, அவர்கள் சொன்னதை ஒப்பிட்டு எழுதினார். பின்னர்ப் புவாவ்ர் என்னும் மற்றொரு பிரெஞ்சுக்காரர் அக்கடிதத்தின் மீது சில குறிப்புகள் எழுத, அவற்றை ஒட்டிக் கேர்து 1747இல் மற்றொரு கடிதமும் எழுத நேர்ந்தது. களவாடப்பட்ட இரகசியம் என்று நாம் எண்ணும் அந்தப் பத்திரம், ஐந்தாண்டுக்குள்ளேயே திருத்தமும் விளக்கமும் வேண்டி நின்ற ஒன்று என்பதை முதலில் மனத்திற்கொள்ள வேண்டும்.

துணியில் நிறம் நின்றது எப்படி?

சாய முறையைச் சற்று விரிவாகவே கூறுகிறேன். அதை அறியாமல் இரகசியம் என்ற சொல்லை எடை போட இயலாது.

முதலில் பாதி வெளுத்த பருத்தித் துணியைக் கடுக்காய்த் தூளும் எருமைப்பாலும் கலந்த நீரில் நனைத்துப் பிழிந்து வெயிலில் உலர்த்துவர். கடுக்காயின் துவர்ப்பு, பின்னால் இடப்போகும் மருந்துகளைத் துணியில் பிடித்துவைக்கும். பாலின் கொழுப்பு, எழுதும் கோடு பரவி ஊறாமல் தடுக்கும். பிறகு துணியை மரக்கட்டையால் அடித்து வழவழப்பாக்குவர். ஓவியத்தை ஊசியால் துளையிட்ட தாளைத் துணிமேல் வைத்துக் கரித்தூளைத் தட்டினால் புள்ளிகளாக உருவம் இறங்கும். இரும்பைப் புளித்த நீரில் ஊறவைத்து எடுத்த மையால் கருங்கோடுகளை எழுதுவர். அம்மை கடுக்காய்த் துவர்ப்போடு சேர்ந்து அப்போதே கறுப்பாகும்.

சிவப்புக்கு வருவோம். இங்கேதான் தொழிலின் உயிர் இருக்கிறது. சிவப்பு வேண்டிய இடங்களில் சாயக்காரர் சிவப்பை எழுதுவதில்லை. படிகார நீரையே எழுதுகின்றனர். அதற்குச் சொந்த நிறம் கிடையாது. எழுதிய இடம் கண்ணுக்குத் தெரிவதற்காகச் சிறிது நிறம் கலந்துகொள்வதும் உண்டு. பின்னர் முழுத் துணியையும் சாயவேர் இட்ட நீரில் காய்ச்சுவர். படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவப்பைப் பற்றிக்கொள்ளும். மற்ற இடங்களில் ஏறிய மங்கல் நிறம், சாணம் கரைத்த நீரில் ஊறவைத்து வெயிலில் விரித்து நீர் தெளித்துவர, நாளடைவில் நீங்கிவிடும். படிகாரத்தின் செறிவைக் கூட்டியும் குறைத்தும் ஒரே காய்ச்சலில் செஞ்சிவப்பும் இளஞ்சிவப்பும் பெறுவர்.

நீலத்திற்கு வழி வேறு. அவுரிக்குப் படிகாரம் வேண்டியதில்லை. துணி அவுரித் தொட்டியில் முழுவதுமாக மூழ்க வேண்டும். ஆகவே நீலம் வேண்டாத இடங்களையெல்லாம் மெழுகால் மூடி, தொட்டியில் தோய்த்தெடுத்து, பின் வெந்நீரில் மெழுகை நீக்குவர். மஞ்சளைக் கடைசியாகத் தீட்டுவர். அது நீலத்தின்மேல் பட்ட இடம் பச்சையாகும்.

இம்முறையில் எத்தனை கைகள் வேலை செய்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். கரையோர மணலில் சாயவேர் தோண்டுபவர் ஒருவர். ஒல்லாந்தர் ஆட்சியில் யாழ்ப்பாணம், மன்னார்ப் பகுதிகளில் அது ஒரு கட்டாய ஊழியமாகவே இருந்தது. துணி நெய்பவர் ஒருவர், வெளுப்பவர் ஒருவர், கோடு எழுதுபவர் ஒருவர், நீலத்தொட்டி காப்பவர் ஒருவர். எந்தக் கிணற்று நீர் ஆகும், எது ஆகாது என்பது அந்தந்த ஊர்க்காரருக்கே தெரியும். இவ்வளவு பேருடைய கண்ணிலும் நாவிலும் விரலிலும் பிரிந்து கிடந்த அறிவை, ஒரு பெட்டியில் பூட்டி வைத்த பொருள்போல இரகசியம் என்று அழைப்பது பொருந்துமா? ஒருவனிடமிருந்து திருடிச் செல்லத்தக்க நிலையில் அது என்றும் இருந்ததில்லை. முதற் கருத்து இவ்வாறு வலுவிழக்கிறது.

கடிதம் எவ்விடத்தில் நின்றுவிடுகிறது?

இனிக் கடிதத்தையே ஒரு நூலாகக் கொண்டு பார்ப்போம். கேர்துவின் பிரெஞ்சு உரையில் கடுக்காயும் சாயவேரும் தமிழ்ச் சொற்களாகவே பிரெஞ்சு எழுத்தில் நிற்கின்றன. தமிழ்ப்பற்று உடையோர் இதைக் கண்டு மகிழலாம். ஆனால் அச்சொற்கள் ஏன் தமிழாகவே நின்றன? அவ்வேர் பிரான்சில் முளைக்கவில்லை. அச்சொல்லுக்கு நேரான சொல்லும் அங்கில்லை. தமிழ்ச் சொல் நிற்கும் ஒவ்வோரிடத்திலும், படிக்கும் பிரெஞ்சுச் சாயக்காரன் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான்.

கேர்துவுக்குச் சில ஆண்டுகள் முன்பு, ஏறத்தாழ 1734இல், போல்யூ என்னும் பிரெஞ்சுக் கப்பற்படை அலுவலர் புதுச்சேரியில் இதே தொழிலைப் பற்றி எழுதிவைத்தார். அவர் செய்த ஒரு காரியம் ஆசிரியர்கள் கவனிக்கத்தக்கது. தம் கண்முன்னே வேலையைச் செய்யச்சொல்லி, ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் துணியில் ஒரு துண்டை எடுத்துக் குறிப்போடு சேர்த்து ஒட்டிவைத்தார். அக்கையெழுத்துப் படி பாரிஸில் இன்றும் உள்ளது. கேட்டு எழுதியவருக்கும் பார்த்து எழுதியவருக்கும் உள்ள வேற்றுமை இது. கரும்பலகையில் சொல்லை மட்டும் எழுதும் ஆசிரியருக்கும், பொருளையே வகுப்புக்குக் கொண்டுவரும் ஆசிரியருக்கும் உள்ள வேற்றுமையும் இதுவேயாம். கேர்துவின் கடிதத்தைவிடப் போல்யூவின் குறிப்பே சிறந்த பாடம் என்பது என் துணிபு. ஆயினும் துணித்துண்டும் காய்ச்சும் நீரின் சூட்டைச் சொல்லாது. எப்போது துணியைப் புரட்ட வேண்டும் என்று சொல்லாது. பார்ப்பதற்கு அப்பால் செய்து பழகுதல் என்னும் மூன்றாம் படி ஒன்று உண்டு.

கடிதத்திற்கு முன்னரே சென்றவர்கள்

இரண்டாம் கருத்துக்கு ஆண்டுகளே விடை கூறும். பிரான்சின் மார்செய் நகரில், சீட்டுக்கட்டுத் தொழிலாளி ஒருவரும் செதுக்குத் தொழிலாளி ஒருவரும் கூட்டுச் சேர்ந்து துணியில் அச்சுப் பதிக்கத் தொடங்கியது 1648இல். அது கேர்துவின் கடிதத்திற்குத் தொண்ணூற்று நான்கு ஆண்டுகள் முந்தியது. அதே நகருக்கு 1672இல் ஆர்மீனியத் தொழிலாளர் இருவர் வந்து, பாரசீகத்திலும் கீழ்த்திசை நாடுகளிலும் வழங்கிய முறைப்படி துணியில் வண்ணமிடத் தொடங்கினர். 1676இல் இலண்டனையடுத்த வெஸ்ட்ஹாமில் ஷெர்வின் என்பவர் இத்தகைய அச்சுத்தொழிலுக்கு அரசுரிமை பெற்றார். 1678இல் ஆலந்திலும் கீழ்த்திசைத் தொழிலாளியைக் கூட்டாகக் கொண்டு ஒரு பட்டறை எழுந்தது.

இவ்வழியை ஊன்றி நோக்க வேண்டும். சோழமண்டலத்துத் துணி கப்பலேறி ஐரோப்பா சென்றது உண்மை. ஆனால் துணி சென்ற வழியும் தொழில் சென்ற வழியும் ஒன்றல்ல. இந்திய வண்ணத்துணியைக் கண்டு பாரசீகத்திலும் துருக்கியர் ஆண்ட நகரங்களிலும் இருந்த தொழிலாளர் தம் அச்சுக்கட்டைகளைக் கொண்டு அதைப்போல் செய்யப் பழகியிருந்தனர். அங்கிருந்து ஆர்மீனியர் போன்ற இடைநின்ற மக்களின் கையோடுதான் தொழில் மேற்கே நடந்து சென்றது. துணியைச் சுமந்தது கப்பல்; தொழிலைச் சுமந்தது மனிதனின் கை.

இதற்கு மேலும் ஒரு சான்று உண்டு. 1686இல் பிரெஞ்சு அரசு, உள்நாட்டுக் கம்பளி, பட்டுத் தொழிலாளரின் முறையீட்டுக்கிணங்கி, இந்திய ஓவியத்துணியின் இறக்குமதியை மட்டுமன்றிப் பிரான்சிலேயே அவ்வாறு அச்சிடுவதையும் தடை செய்தது. அச்சுக்கட்டைகளை உடைக்கவும் ஆணையிட்டது. உடைப்பதற்கு 1686இலேயே கட்டைகள் இருந்தன என்றால், 1742ஆம் ஆண்டுக் கடிதம் புதிதாக எதைக் கொண்டுசென்றது? அத்தடை 1759 வரை நீடித்தது. அதாவது, கேர்துவின் கடிதம் பாரிஸ் சேர்ந்தபோது, அதிற் கூறிய தொழிலைச் செய்வதே பிரெஞ்சு நாட்டின் பெரும்பகுதியில் குற்றமாக இருந்தது!

தடை நீங்கியபின் அங்கே தொழிலைத் தொடங்கியவர் யார்? 1760இல் ஜூயி என்னும் ஊரில் புகழ்பெற்ற தொழிற்சாலையை நிறுவிய ஓபர்காம்ப் ஒரு ஜெர்மானியச் சாயக்காரரின் மகன். ஊர் ஊராகச் சென்று தொழில் செய்த தந்தையிடம் பயின்று, அக்காலத்தில் பிரெஞ்சு ஆட்சிக்கு வெளியே இருந்த மூல்ஹவுஸ் நகரில் செதுக்குத் தொழிலாளியாக வேலை பார்த்தவர். 1685இல் பிரான்சில் சமய உரிமை பறிக்கப்பட்டபோது வெளியேறிய புராட்டஸ்டண்டு மக்கள் சுவிட்சர்லாந்தில் வேரூன்றச் செய்த தொழில், அவ்வட்டாரத்திலிருந்து மீண்டும் பிரான்சுக்குள் நுழைந்தது. இங்கும் ஏடு வரவில்லை, ஆள்களே வந்தனர்.

அவ்வாறு சென்ற தொழில் நம் தொழிலின் நகலாகவும் இல்லை. எழுதுகோலுக்குப் பதில் அச்சுக்கட்டை வந்தது. படிகார நீரைப் பசையிட்டுக் கெட்டியாக்கியதால், கோடு பரவாமல் காக்க எருமைப்பால் வேண்டாதாயிற்று. சாயவேருக்குப் பதிலாக, நம் மஞ்சிட்டிக்கு இனமானதும் அவர்கள் கம்பளிக்குப் பலகாலம் பயன்படுத்தி வந்ததுமான மாடர் வேர் இடம்பெற்றது. 1752இல் அயர்லாந்தில் நிக்ஸன் என்பவர் செப்புத்தகட்டால் துணியில் அச்சிட்டார். புதிய முறை ஒரு தொழிலாளர் கூட்டத்தை அடையும்போது, அவர்கள் கையில் முன்னமே உள்ள பழக்கத்தோடு கலந்து வேறொன்றாகிவிடுகிறது. நாற்றைப் பிடுங்கி நட்டாலும் அது புது வயலின் மண்ணைத்தான் உண்ணும்.

அச்சான முறையும் அழைத்துவந்த ஆளும்

"பாதிரியாரின் கடிதம் முழுமையற்றது, முழுமையான குறிப்பு கிடைத்திருந்தால் அதுவே போதுமே" என்று ஒருவர் வாதிடலாம். அதற்கு விடையாக, இதே சிவப்பு நிறத்தைப் பற்றிய மற்றொரு வரலாற்றைக் கூறுகிறேன்.

பருத்தி நூலில் ஒளிவிடும் செஞ்சிவப்பை ஏற்றும் முறை துருக்கியர் ஆட்சியில் இருந்த அட்ரியானோப்பிள் போன்ற நகரங்களில் சிறந்திருந்தது. எண்ணெய், சாணம், துவர்ப்பு, படிகாரம் என ஒன்றன்பின் ஒன்றாகப் பல கட்டங்கள் கொண்ட நீண்ட முறை அது. 1747இல் பிரெஞ்சுத் தொழில் முதலாளிகள் அதைக் கற்றறியக் கிரேக்கச் சாயக்காரர்களையே ருவான் நகரத்தருகே வரவழைத்தனர். பின்னர் 1765இல் பிரெஞ்சு அரசே அம்முறையை அச்சிட்டு வெளியிட்டது. அன்றுமுதல் படிக்கத் தெரிந்த எவருக்கும் அது கிடைத்தது. எனினும் கிளாஸ்கோ நகரில் அச்சிவப்புச் சாயப்பட்டறை எழுந்தது எப்போது? இருபது ஆண்டு கழித்து, 1785இல். டேல், மாக்கிண்டாஷ் என்னும் இரு முதலாளிகள் ருவானிலிருந்து பாப்பியோன் என்னும் சாயக்காரரை அழைத்துவந்த பின்னரே அது இயன்றது.

அச்சிட்ட முறை இருபது ஆண்டு காத்துக் கிடந்தது. ஆள் வந்த ஆண்டிலே பட்டறை எழுந்தது. நம் முன்னோர் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று ஒரே வரியில் சொன்னதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் நான் கண்டதில்லை.

ஆனால் பழமொழியையும் அளவறிந்தே கொள்ள வேண்டும். எழுத்து பயனற்றது என்று நான் கூறவில்லை. கூறினால் என் தொழிலுக்கே குழி பறித்தவனாவேன். சமைக்கத் தெரிந்தவளுக்குச் சமையற் குறிப்பு பயன்படுகிறது. அதுபோல, ஏற்கெனவே படிகாரத்தையும் வேரையும் கையாண்டு பழகிய ஐரோப்பியச் சாயக்காரனுக்குக் கேர்துவின் கடிதம் சில நுட்பங்களைக் காட்டியிருக்கலாம். கை அறிந்ததை ஏடு திருத்தும். ஏடு மட்டும் ஒரு கையை உண்டாக்கிவிடாது.

தொழில் தளர்ந்த காரணம்

மூன்றாம் கருத்துக்கு நீண்ட விடை வேண்டியதில்லை. 1701இல் நடப்புக்கு வந்த சட்டத்தால் இங்கிலாந்து இந்திய வண்ணத்துணியை உள்நாட்டு விற்பனையிலிருந்து விலக்கியது. வெள்ளைத் துணியைத் தருவித்து அங்கேயே அச்சிட வழிவிட்டது. 1721இல் வந்த சட்டம் அச்சிட்ட பருத்தித்துணியை அணிவதையே பெரும்பாலும் தடுத்தது. இத்தடை 1774இல் நீங்கியபோது அவர்களிடம் நூற்பு இயந்திரம் வந்திருந்தது. 1783இல் பெல் என்பவர் உருளை அச்சு இயந்திரத்துக்கு உரிமை பெற்றார். நம்மவர் ஒரு துணிக்கு நாட்கணக்கில் எழுதியதை அவ்வுருளை மணிக்கணக்கில் அச்சிட்டுத் தள்ளியது. அரசியல் அதிகாரம் யார் கையில் இருந்தது என்பதையும் சேர்த்து எண்ணினால் மிச்சம் தானே விளங்கும்.

சாயவேருக்கு இறுதி அடி விழுந்தது 1869இல். அவ்வேரின் சிவப்புக்குக் காரணமான அலிசரின் என்னும் பொருளைக் கிரேபே, லீபர்மன் என்னும் ஜெர்மானிய வேதியியலார் முந்திய ஆண்டில் ஆய்வுக்கூடத்தில் ஆக்கிக் காட்டினர். மறு ஆண்டே அதை ஆலையில் செய்யும் வழி உரிமைப் பதிவு பெற்றது. அதனால் நம் கரையில் வேர் தோண்டியவர்கள் மட்டும் பிழைப்பிழக்கவில்லை. பிரான்சில் மாடர் வேர் பயிரிட்ட உழவர்களும் சேர்ந்தே வீழ்ந்தனர். களவாடிய கூட்டம் என்று நாம் கருதுவோரின் நாட்டு உழவனும் அதே வெள்ளத்தில் போனான் என்றால், அழிவின் காரணத்தை ஒரு பாதிரியாரின் மைக்கூட்டில் தேடுவது முறையாகுமா?

நம் நாட்டு வழக்கும் அதுவே

தொழில் ஆள்வழியே பரவும் என்பதற்கு நெடுந்தொலைவு போக வேண்டா. மதுரையின் சுங்குடிப் புடைவையை அறியாத தமிழர் இல்லை. துணியை நுண்ணிய முடிச்சுகளாகக் கட்டிச் சாயமேற்றும் அத்தொழிலை மதுரைக்கு உரியதாக்கியவர்கள், முன்னாளில் குசராத்து நாட்டை விட்டுப் பெயர்ந்து, பல நாடு கடந்து வந்து தமிழகத்தில் தங்கிய சௌராட்டிரர்கள். இன்று அதை மதுரைச் சுங்குடி என்றுதான் உலகம் அழைக்கிறது. நாம் யாரிடமும் எதையும் பெறாதவர்போலவும், பிறரே நம்மிடம் பறித்தவர்போலவும் பேசுவது நம் வரலாற்றுக்கே ஒவ்வாது.

இந்திய வண்ணத்துணிக்கு வழங்கிய சொல்லும் இவ்வாறே ஊர் ஊராக நடந்தது. தமிழில் சீட்டி என்கிறோம். மலாய் மொழியில் சித்தா என்பர். ஆங்கிலத்தில் சின்ட்ஸ் என்பர். மூன்றும் வடஇந்தியச் சொல் ஒன்றின் கிளைகளே. போர்த்துக்கீசியர் மலாக்காவைப் பிடித்த காலத்தை ஒட்டி, 1512க்கும் 1515க்கும் இடையில் அங்கிருந்து எழுதிய தொமே பிரேஸ், சோழமண்டல வணிகர் கொண்டுவந்த துணிகளைப் பற்றிக் குறித்துள்ளார். நம் பாட்டிமார் இந்நாட்டில் காலடி வைப்பதற்குப் பல நூற்றாண்டு முன்பே நம் கரையின் துணி இங்கே வந்து விரிந்திருந்தது.

என் சொந்த அறிவில் உள்ள ஒன்றையும் கூறிவிடுகிறேன். என் தாயார் முப்பது ஆண்டுகள் பால் வெட்டியவர். பள்ளி விடுமுறை நாட்களில் அவருடன் விடியற்காலை நிரைக்குச் சென்று மங்கு கழுவிவைத்தவன் நான். 1890களில் சிங்கப்பூர்ப் பூந்தோட்டத்தில் ரிட்லி ஆய்ந்து கண்ட முறையே ரப்பர் மரத்தைக் கெடுக்காமல் நாள்தோறும் சீவுவதற்கு அடிப்படை என்று பாடநூல் கூறும். அது உண்மையே. ஆனால் என் தாயாருக்கு ரிட்லியின் பெயர் தெரியாது. அவருக்கு அதைக் கற்றுக்கொடுத்தவர் பக்கத்து நிரையில் வெட்டிய அத்தை ஒருவர். பட்டையை மேலோட்டமாகச் சீவினால் பால் குறையும். ஆழமாகப் போனால் மரத்தில் காயம்பட்டுப் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். இரண்டுக்கும் இடையே உள்ள அளவு மயிரிழை போன்றது. நான் எத்தனை முறை கேட்டாலும் தாயார், "கை சொல்லும், பாரு" என்பார். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பாடக்குறிப்பு எழுதப் பழகியபோதெல்லாம் எனக்கு அச்சொல்தான் நினைவுக்கு வரும். பாடக்குறிப்பு முழுமையாக இருந்தும் பாடம் தோற்ற நாட்கள் என் வாழ்வில் பல.

உண்மையான குறை எது?

அப்படியானால் கேர்துவின் மீது நமக்குக் குறையே இல்லையா? உண்டு. அது களவன்று, வேறொன்று. தமக்குத் தொழிலைச் சொன்னவர்களின் திறமையைப் பாராட்டியவர், அவர்கள் பெயரை நமக்குத் தந்தாரில்லை. கடிதம் எழுதியவர் பெயர் உள்ளது; பெற்றவர் பெயர் உள்ளது; திருத்தம் கூறிய புவாவ்ர் பெயரும் உள்ளது. கடுக்காயையும் படிகாரத்தையும் அளந்தறிந்த கைகளுக்கு உரியவர்கள், புதிதாகச் சமயத்தில் சேர்ந்தோர் என்னும் ஒரே சொல்லுக்குள் மறைந்துபோயினர்.

இங்கே நம் பிழையும் இருக்கிறது. பாதிரியார் களவாடினார் என்று நாம் முழங்கும்போதும் கதையின் தலைவர் அப்பாதிரியாரே. சாயக்காரர் அப்பொழுதும் வாயற்றவர்தாம். மேலும், அவர்களுடைய மேன்மை ஓர் இரகசியத்தில் அடங்கியிருந்தது என்று கூறும்போது, அது கைநழுவியதும் அவர்களிடம் ஒன்றும் எஞ்சவில்லை என்று ஒப்புக்கொண்டவர்களாகிறோம். உண்மையோ வேறு. கடிதம் சென்று பல்லாண்டு கழிந்த பின்னும் தஞ்சை மராட்டிய அரண்மனைக்குக் கோடாலிக்கறுப்பூரில் புடைவை எழுதினர். காளத்தியிலும் மசூலிப்பட்டினப் பகுதியிலும் சிக்கல்நாயக்கன்பேட்டையிலும் அத்தொழிலின் வழியினர் நம் காலம்வரை எழுதிவருகின்றனர். கடிதத்தால் அவர்கள் கையிலிருந்து எதுவும் குறைந்துவிடவில்லை. பெருமைக்குரியது அந்தக் கை. அதை விட்டுவிட்டு இரகசியத்தைப் புகழ்வது, பிள்ளையை விட்டுவிட்டுத் தொட்டிலைக் கொஞ்சுவது போலாம்.

ஆசிரிய அன்பர்கள் இதை வகுப்பில் சொல்வது எளிதன்று என்பதை அறிவேன். களவுக்கதை சுவையானது, பிள்ளைகள் கண்விரியக் கேட்பர். ஆர்மீனியரும் கிரேக்கரும் சுவிட்சர்லாந்து சென்ற அகதிகளும் நிறைந்த உண்மைக் கதை சற்று நீளமானது. ஆயினும் அதைச் சொல்லத்தான் வேண்டும். கைத்தொழில் என்பது கடிதத்தில் அடங்கிவிடும் என்று நம்பி வளரும் பிள்ளை, தன் பாட்டியின் கையில் இருப்பதைக் கற்க வேண்டியதில்லை என்றும் நம்பும்.

எங்கள் தோட்டத்தில் இப்போது பெரும்பகுதி செம்பனை. பால் வெட்டும் கத்தி பல வீடுகளில் பரணில் கிடக்கிறது. அம்மாணவியின் வினாவுக்குப் பிறகு என் வகுப்பினர்க்கு ஒரு வேலை கொடுத்தேன். ஒவ்வொருவரும் வீட்டிலுள்ள பெரியவர் ஒருவரிடம் அவர் அறிந்த தொழிலைக் கேட்டு எழுதிவர வேண்டும். தாளின் தலைப்பில் அவர் பெயரையும், அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் பெயரையும் எழுத வேண்டும். கேட்டு எழுதினால் மட்டும் போதாது. அவர் எதிரில் ஒருமுறையேனும் செய்து பார்க்க வேண்டும். இருபத்திரண்டு தாள்கள் வந்தன. வினா எழுப்பிய மாணவி தன் பாட்டியிடம் தென்னங்கீற்று முடைவதைக் கேட்டு எழுதியிருந்தாள். எழுதியது ஒன்றரைப் பக்கம். அதன் அடியில், "ஐயா, எழுதிவிட்டேன். ஆனால் இன்னும் எனக்கு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் பாட்டியிடம் போகிறேன்" என்று ஒரு வரி சேர்த்திருந்தாள்.

அவள் வினாவுக்கு நான் தேடிய விடையை அவளே எழுதிவிட்டாள். தாளில் திருத்துவதற்கு எனக்கு ஒன்றும் இல்லை.